ஊதாச் சட்டை

தாயில்பட்டி
6 ஜூலை

செல்விக்கு, அண்ணன் முத்துப்பாண்டி எழுதுவது.

நல்லா இருக்கியா என்று கேட்டால் அதற்கும் சூடாக ஒரு பதில் வைத்திருப்பாய். அதனால் கேட்கவில்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தாய், நாம் கத்திய கத்தலில் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. நம் வீடு ஒரே ரூம். நான் பேசுவதை அம்மா கேட்கிறாள், அம்மா அழுவதை நீ கேட்கிறாய், அப்புறம் யார் எதற்குப் போன் செய்தோம் என்பதே மறந்துபோகிறது. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இத்தனை வரி எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

விசயம் இதுதான். அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி மேனேஜர் நல்லசிவம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அப்பா படத்துக்கு மாலை வாங்கி வந்திருந்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் உட்கார்ந்து கலர் சோடா குடித்துவிட்டுச் சொன்னார்:

"மகளை எங்கனயோ கோயம்புத்தூர்ல விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் இங்கன கெடந்து சீரழியணுமா? நம்ம முதலாளி காலேஜ்ல ரெண்டாம் வருசம் மேத்ஸ்ல ஒரு சீட்டு இருக்கு. பீஸ் கெடையாது. காலேஜ் பஸ்சு உங்க தெருமுக்குலயே வந்து நிக்கும். உங்க அப்பன் நாகையாவுக்கு நாங்க இது கூடச் செய்ய மாட்டமா?"

யோசித்துப் பார். உன் ஹாஸ்டலுக்குப் போனதெல்லாம் அப்பாவின் வாரச் சம்பளம். அது மே மாதத்தோடு நின்றது. வெடி விபத்து நிவாரணம் என்று வந்ததில் அப்பா வாங்கியிருந்த முன்பணத்தைக் கம்பெனி கழித்துக்கொண்டது, மிச்சம் காரியத்துக்கே சரியாகப் போய்விட்டது. அப்பாவுக்காக அலைந்த நாட்களில் நான் வேலைக்குப் போகாததால் சிவகாசி பிரஸ்காரர் என் மிசினுக்கு வேற ஆளைப் போட்டுவிட்டார். இப்போது அண்ணாச்சிதான் கம்பெனி குடோனில் லோடு ஏற்ற என்னைச் சேர்த்திருக்கிறார்.

உன் காலேஜில் டி.சி.க்கு எழுதிக் கொடு. அது வேற யூனிவர்சிட்டி, நடுவில் சேர முடியாது என்பாய். அதை முதலாளி பார்த்துக்கொள்வாராம். அம்மா ராத்திரி தூங்குவதில்லை. நீ பக்கத்தில் இருந்தால் தூங்குவாள். வேற ஒரு சின்ன விசயமும் இருக்கிறது, வந்தபின் பேசிக்கொள்ளலாம்.

முத்துப்பாண்டி


கோயம்புத்தூர்
13 ஜூலை

அண்ணே,

கடிதம் வந்தது. பிழை அதிகம் இல்லை. சிரிப்பும் வரவில்லை.

நல்லசிவத்துக்கு நம் மேல் எப்போதிலிருந்து இவ்வளவு பாசம்? போன வருடம் என்னை இங்கே கொண்டுவந்து விட அப்பா ஒரு நாள் லீவு கேட்டபோது இதே மனிதர்தான், "ஏலே நாகையா, மக கலெக்டர் ஆகப் போறாளாக்கும்? லோடு யாரு அனுப்புறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே நின்றதை நீயும் பார்த்தாய். இப்போது அவர் மாலையோடு வருகிறாராம். உள்ளே கூப்பிட்டு கலர் வேறு கொடுத்தாயா?

அந்தக் காலேஜைப் பற்றி எனக்குத் தெரியாதா? மேத்ஸுக்கு ரெண்டே ரெண்டு வாத்தியார்கள். அதில் ஒருத்தர் ஆபீஸ் கணக்கும் பார்க்கிறார். இங்கே எனக்கு முதல் வருடம் வகுப்பிலேயே இரண்டாவது மார்க். இது உனக்குப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் இங்கே வந்து சும்மா தின்றுவிட்டுத் தூங்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஹாஸ்டல் பீஸைத் தீபாவளி வரைக்கும் தள்ளிக் கட்டலாம் என்று எழுதி வாங்கிவிட்டேன். என் ரூமில் இருக்கும் இசைவாணி ரெண்டு பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூசன் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அரைகுறையாகத்தான் ஓடும், ஆனால் ஓடும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அப்பா என்னைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு ஹாஸ்டல் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நிலையை உள்ளங்கையால் தொட்டுவிட்டு அப்புறம்தான் உள்ளே வந்தார். வார்டன் எதற்கென்று கேட்டார். "பழக்கம்மா"ன்னார். வெடிமருந்து ரூமுக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிற கை அது. எங்கே போனாலும் தொடும். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்தான் கருகிப் போனார்.

இப்போது உன் சின்ன விசயத்துக்கு வருகிறேன். வெடி விபத்து விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு இங்கேயே தபால் வந்திருக்கிறது, ஆகஸ்டு 22. லீவில் நானும் அங்கே பெட்டி ஒட்டப் போனேன் அல்லவா, வெடித்த அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. நான் தண்ணீர் எடுக்கப் போனபோது அப்பா இருந்த ரூமைப் பார்த்தேன். நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் முட்டி இடிக்க ஒன்பது பேர். வாசலில் நின்று நல்லசிவம் "லாரி நிக்குது, லாரி நிக்குது"ன்னு கத்திக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் சீட்டா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. சுற்றி வளைக்காதே.

செல்வி


தாயில்பட்டி
20 ஜூலை

செல்விக்கு,

ஆமாம்.

நீ கேட்டபடி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது நானும் கொஞ்சம் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை அடையாளம் காட்டப் போனது யார்? நீ வாசல் பெஞ்சில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உள்ளே போனது நான். எதை வைத்து அடையாளம் காட்டினேன் என்று இன்றைக்கு வரைக்கும் நீயும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. காரியம் முடிந்து காலேஜ் திறந்ததும் நீ பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாய். உனக்கு அங்கே வகுப்பு இருக்கிறது, மார்க் இருக்கிறது, இசைவாணி இருக்கிறாள். எனக்கு இந்த ரூமும் அம்மாவும்தான்.

அம்மா வேலை கேட்டு ஏறி இறங்காத கம்பெனி இல்லை. ஒரு இடத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நாகையா வீட்டம்மாவா? அந்தக் கேசு முடியட்டும்மா, பெறகு வாங்க." எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். முதலாளிகளுக்குள் போட்டி இருக்கும், இந்த விசயத்தில் மட்டும் எல்லாரும் பங்காளி. அப்பாவோடு செத்துப்போன லட்சுமிகாந்தம் அக்கா வீட்டில் கம்பெனி மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் மகனுக்கு உடனே வேலை கிடைத்தது. மிச்சம் இருப்பது நாம்தான். நீதி நியாயம் என்று நீ ஒருத்தி பேசினால் அம்மா எங்கே போய்ப் பிழைப்பாள்? சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில்கூட இவர்களுக்கு ஆள் இருக்கிறது.

நீ சொல்லவேண்டியது ரொம்ப இல்லை. ரூமில் எத்தனை பேர் என்று கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, நீதான் எழுத வைக்கிறாய். கம்பெனி வக்கீல் என்ன சொல்லப் போகிறார் என்று அண்ணாச்சி சொன்னார். அப்பா பாலியஸ்டர் சட்டையோடு மருந்து ரூமுக்குள் போய்விட்டாராம், அதிலிருந்துதான் பொறி கிளம்பியதாம். அந்த ஊதாச் சட்டை. உன் ஸ்காலர்ஷிப் பணத்தில் கோயம்புத்தூரில் வாங்கி வந்தாயே, அது. அன்றைக்கு விடியக்காலம் அவர் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனதை நீயும்தான் பார்த்தாய். ஒன்பது பேர் என்று நீ சொன்னால், சட்டை யார் வாங்கிக் கொடுத்தது என்று அவர்கள் கேட்பார்கள். நாலு பேர் முன்னால் அதற்குப் பதில் சொல்ல உன்னால் முடியுமா?

முத்துப்பாண்டி


கோயம்புத்தூர்
4 ஆகஸ்டு

அண்ணே,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. இசைவாணி சாப்பாட்டை ரூமுக்கே கொண்டுவந்து வைக்கிறாள்.

முதலில் நம்பவில்லை. அப்பா வெளிச்சட்டையோடு ஒருநாளும் உள்ளே போனதில்லை. எல்லோரும் வேப்பமரத்துக் கயிற்றில் சட்டையை மாட்டிவிட்டுத்தானே பருத்திச் சட்டைக்கு மாறுவார்கள் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அவ்வளவு அவசரம். லாரி லாரி என்று கத்துகிறார்கள். அந்தச் சட்டையை வேறு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "மக எடுத்துக் குடுத்தது"ன்னு டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளிடம்கூடக் காட்டினார். கழற்ற மனசு வராமல் அப்படியே போய்விட்டாரோ என்று ஒருமுறை தோன்றிவிட்டது. ஒருமுறை தோன்றியபின் அது போகவே மாட்டேன் என்கிறது.

கடையில் பருத்தி கேட்டேன் அண்ணே. பருத்தி விலை கூட. கடைக்காரன் "கலப்புதாம்மா, யாருக்கும் தெரியாது"ன்னான். பட்டாசுத் தொழிலாளி மகள் நான். கலப்பு என்றதும் கையை எடுத்திருக்க வேண்டும். கலர் நன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன்.

நீ ஜெயித்துவிட்டாய். டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு, "யோசிச்சுக்கோ, உன் சீட்டுக்கு வெளியே ஆள் காத்திருக்காங்க, போனா திரும்பக் கிடைக்காது"ன்னு சொன்னார். யோசித்துவிட்டேன் மேடம் என்றேன். பதினைந்தாம் தேதி லீவுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவேன். விசாரணையில் என்ன சொல்லணுமோ சொல்லிக் கொடு, சொல்கிறேன். சட்டையைப் பற்றிக் கேட்டால் நானே வாங்கிக் கொடுத்தேன் என்றும் சொல்கிறேன். அவர்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

அம்மாவிடம் சட்டை விசயத்தை இதுவரை சொல்லியிருந்தால் சரி. சொல்லாவிட்டால் சொல்லாதே. அவள் முகத்தில் நான் முழிக்க வேண்டும் அல்லவா. உன் நம்பரைப் பிளாக் செய்திருக்கிறேன். உன் குரலைக் கேட்கத் தெம்பு இல்லை.

செல்வி


கட்டாக்
17 ஆகஸ்டு

செல்விக்கு,

நான் ஒடிசாவில் இருந்து எழுதுகிறேன். சீசன் லோடு ஏற்றிய லாரியோடு அண்ணாச்சி என்னை அனுப்பிவிட்டார். தீபாவளி முடியும் வரைக்கும் இங்கே கம்பெனி குடோனில் காவல். நீ வருமுன் கிளம்பிவிட வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ இன்னும் ஹாஸ்டலில்தான் இருப்பாய் என்று நினைத்து இந்த விலாசத்துக்கே போடுகிறேன்.

அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போகவில்லை. மறுநாள் நான் கம்பெனிக்குப் போனபோது கயிறு அறுந்து மரத்தடியில் சட்டைகளெல்லாம் மண்ணில் கிடந்தன. அதில் ஊதாச் சட்டையும் இருந்தது. பக்கத்தில் அப்பாவின் தூக்குவாளி, மூடியைத் திறக்காமலே. இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். தூக்குவாளியை அம்மாவிடம் கொடுத்தேன். சட்டையைப் பார்த்தால் கத்துவாளே என்று கொடுக்கவில்லை. பரண் மேல் பழைய பாயில் சுருட்டி வைத்தேன். அப்போது வேறு எண்ணம் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

அண்ணாச்சி சட்டைக் கதையைச் சொன்னபோது, "அது கயித்துலதான கெடந்துச்சு"ன்னு என் வாய்வரைக்கும் வந்தது. அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "சட்டையப் பத்தி தங்கச்சிக்கு ஒரு வரி எழுதுப்பா, தன்னால வந்துருவா"ன்னார். எழுதினேன். நீ ஒரு சத்தம் போடுவாய், அதெல்லாம் பொய் என்று திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். இப்படி உடைந்துபோய் வருவாய் என்று நினைக்கவில்லை. உன் கடிதத்தை லாரியில் வைத்து எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

டி.சி. வாங்காதே. அங்கேயே இரு. விசாரணைக்குப் போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொல். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே சம்பளம் கொஞ்சம் கூட.

முத்துப்பாண்டி


தாயில்பட்டி
21 செப்டம்பர்

முத்துப்பாண்டிக்கு,

உன் கடிதம் கோயம்புத்தூர் போய், இசைவாணி வேறு கவரில் போட்டு அனுப்பி, செப்டம்பர் ஐந்தாம் தேதி என் கைக்கு வந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் இறங்கட்டும் என்று இருந்தேன். இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதினைந்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று உனக்குத் தெளிவாக எழுதியிருந்தேன். பதினேழாம் தேதி நீ ஹாஸ்டலுக்குக் கடிதம் போடுகிறாய். விசாரணை இருபத்திரண்டு என்றும் உனக்குத் தெரியும். உன் நம்பரைத்தான் நான் பிளாக் செய்தேன். அம்மாவிடம் போன் இருக்கிறது, தினமும் அவளிடம் பேசினாய். "சோறு பொங்கினியா, மழை உண்டா" என்றெல்லாம் கேட்டாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "செல்விகிட்ட ஒரு நிமிசம் குடு" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரியும் இருக்க வேண்டும், அது நேரத்துக்கு வந்து சேரவும் கூடாது. அதற்குத்தானே தபாலில் போட்டாய்?

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எத்தனை பேர் என்று கவனிக்கவில்லை என்றேன். சட்டையைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. நானேதான் ஆரம்பித்தேன். அப்பா பாலியஸ்டர் சட்டையில் போனார், நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று அழுதுகொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் நல்லசிவம் என் தலையைத் தடவி, "அழாத தாயி, விதி"ன்னார். அவருக்கு நன்றி சொன்னேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பரணில் ஏறினேன். பாயை விரித்தால் சட்டை. காலரில் மண், ஒரு பொட்டு கருகல் இல்லை. பையில் இருக்கன்குடிக் கோயில் குங்குமப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. என் ரிசல்ட்டுக்கு அவர் வேண்டிக்கொண்டு வந்தது. அம்மா சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. அவரையும் குடுத்துட்டு இவனையும் என்னால குடுக்க முடியாது"ன்னாள். அவளுக்காகத்தான் இதுவரைக்கும் கேட்காமல் இருந்தேன்.

சட்டையை எடுத்துக்கொண்டு விசாரணை நடந்த ஆபீசுக்குத் திரும்பப் போனேன். மேசையில் விரித்துக் காட்டினேன். அங்கே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இதே மாதிரி கடைக்குக் கடை சட்டை தொங்குது. போட்டுட்டுப் போனாருன்னு மக நீயே கைப்பட எழுதிக் குடுத்திருக்க. பைலு மேல போயிருச்சு." அவர் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோயம்புத்தூருக்கும் போன் செய்தேன். என் சீட்டில் ஒரு பெண் சேர்ந்து வகுப்புக்கும் வந்துகொண்டிருக்கிறாளாம்.

இங்கே காலேஜில் முதல் நாளே என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "நம் தொழிலாளி நாகையாவின் மகள், முதலாளி செலவில் படிக்கிறார்" என்று மைக்கில் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ரெண்டு கணக்கு வாத்தியார்களில் ஒருத்தரும் இன்னும் எங்கள் வகுப்புக்கு வரவில்லை. அம்மாவுக்கு அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலை. தினமும் காலையில் வேலைக்கு விடுமுன் வாசலில் எல்லோரையும் நிறுத்தி நல்லசிவம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார். "நைலான் சட்டையோட உள்ள போயிறாதீக. நம்ம நாகையாவப் பாத்தீகள்ல? ஒரு ஆளு செஞ்ச தப்பு, எம்புட்டுக் குடும்பம் நாசம்!" இதை அம்மா தினமும் நின்று கேட்டுவிட்டு, செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறாள். லட்சுமிகாந்தம் அக்கா மகனும் அதே வரிசையில் நின்று அம்மாவைப் பார்க்கிறான். அவனைப் பொறுத்தவரைக்கும் அவன் அம்மாவைக் கொன்றது நம் அப்பா.

தீபாவளிக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். கட்டாயம் வா. உனக்குத் துணி எடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஊதாச் சட்டையை மண் போகத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அப்பா அளவும் உன் அளவும் ஒன்றுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொள். அதோடு அம்மா முன்னால் வந்து நில்லு.

செல்வி